55 இன்ச் டிவி வாங்கப் போறீங்களா? போன் வாங்குற மாதிரி வாங்காதீங்க!

"வேலைக்குத்தான் போயாச்சே... இந்த டிவியை எப்பதான் மாத்துறது?" வீட்டில் இந்தக் குரல் கேட்க ஆரம்பித்துவிட்டதா? அப்படியென்றால் அடுத்த பத்து நிமிடம் இதைப் படிக்கலாம். வாங்கிய பிறகு படிப்பதைவிட இப்போதே படிப்பது லாபம்.

உங்களில் பலர் வளர்ந்தது 14 இன்ச் டிவி முன்னால். 2006-ல் தொடங்கி தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த இலவச கலர் டிவி அந்த சைஸ்தான். இன்று ஆன்லைனில் நீங்கள் பார்த்துப் பார்த்து 'விஷ்லிஸ்ட்'டில் போட்டு வைத்திருக்கும் 55 இன்ச், பரப்பளவில் அதைப்போல பத்து மடங்குக்கும் மேல். விலை, சாதாரண 4கே மாடலுக்கு ஏறக்குறைய 30,000 ரூபாயில் ஆரம்பித்து 50,000, 60,000 வரை போகிறது. பலருக்கு ஒரு மாதச் சம்பளம், சிலருக்கு இரண்டு மாதச் சம்பளம். அதுவும் போன் போல இரண்டு வருடத்தில் மாற்றுகிற பொருள் இல்லை. ஆறேழு வருடம் ஹாலில் நின்று எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறது.

பிரச்னை என்னவென்றால், நம் தலைமுறை எதை வாங்கினாலும் போன் வாங்கும் மூளையோடுதான் வாங்குகிறது. ரேம் எவ்வளவு, ஸ்டோரேஜ் எவ்வளவு, பிராசஸர் என்ன, எத்தனை 'கே', எத்தனை ஹெர்ட்ஸ்... இரண்டு மாடலை அடுத்தடுத்து வைத்து எண்களை ஒப்பிட்டு, எது பெரிய எண்ணோ அதற்கு ஓகே. போனில் இது ஓரளவு வேலை செய்யும். டிவியில் காலை வாரிவிடும்.

வாரிவிட்டதை நானே பார்த்தேன். மூன்று வருடத்துக்கு முன்பு ஊரில் அப்பா அம்மாவுக்கு ஒரு 55 இன்ச் வாங்கினேன். பிராண்டு வேண்டாம், விடுங்கள். அந்த விலையில் கிடைத்ததிலேயே அதிக ரேம், டால்பி முத்திரை, 4கே, எச்.டி.ஆர் என எல்லாக் கட்டத்திலும் டிக். ஒரு வாரம் கழித்து அம்மாவுக்கு போன் செய்து "டிவி எப்படி இருக்கும்மா?" என்று கேட்டேன். "நல்லாத்தான்டா இருக்கு. ஆனா டிவில நம்ம வீட்டு ஜன்னல்தான் ரொம்ப நல்லா தெரியுது" என்றார். எங்கள் ஹாலில் டிவிக்கு நேர் எதிரே கிழக்கு பார்த்த பெரிய ஜன்னல். காலையில் வெயில் உள்ளே வந்தால், திரையில் கம்பி கம்பியாக ஜன்னல் விழும். படத்தின் வெளிச்சம் அதை மறைக்கும் அளவுக்கு இல்லை. பகலில் டிவி பார்க்க வேண்டுமென்றால் அம்மா இன்று வரை ஜன்னலுக்கு ஒரு போர்வையைத் தொங்கவிடுகிறார். அந்த ரேம் அம்மாவுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரு கணக்கு பிடிபட்டது. டிவியில் எதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், எதை மாற்றவே முடியாது என்று பிரித்துப் பாருங்கள். ஸ்மார்ட் வசதி மெதுவாகிவிட்டால் சில ஆயிரம் ரூபாயில் ஒரு ஸ்டிக் செருகிக்கொள்ளலாம். சவுண்டு போதவில்லை என்றால் சவுண்ட்பார் வைத்துக்கொள்ளலாம். ஆனால் திரையை மாற்ற முடியாது. அதனால் குறைந்த பட்ஜெட்டில் வாங்குகிறவர் பணத்தை முதலில் திரைக்குத்தான் கொடுக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில் இன்ச் டேப்பை எடுங்க

கடைக்குப் போவதற்கு முன்னால் ஹாலுக்குப் போங்கள். எங்கே உட்கார்ந்து பார்ப்பீர்களோ அங்கிருந்து டிவி நிற்கப்போகும் சுவர் வரை அளந்து பாருங்கள். திரையின் மூலைவிட்ட அளவைப்போல சுமார் 1.2 மடங்கிலிருந்து 1.6 மடங்கு தூரத்தில் உட்காருவது வசதி என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் கணக்கு. அதன்படி 43 இன்ச்சுக்கு நாலரை அடி முதல் ஆறு அடிக்குள். 55 இன்ச்சுக்கு ஐந்தரை முதல் ஏழரை அடி. 65 இன்ச்சுக்கு ஆறரை முதல் எட்டே முக்கால் அடி. சென்னையில் ஒரு சாதாரண வாடகை வீட்டு ஹாலில் சோபாவுக்கும் சுவருக்கும் இடையே ஏழெட்டு அடிதான் இருக்கும். அங்கே 55 கச்சிதம். 'இன்னும் கொஞ்சம் போட்டா 65 வந்துடுமே' என்ற ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வரும். ஆனால் ஒரே விலையில் நல்ல 55-ம் சுமாரான 65-ம் இருந்தால், 55-ஐ எடுங்கள். மங்கலான படம் பெரிதானால் பெரிய மங்கல்தான்.

அடுத்தது அகலம். 55 இன்ச் டிவியின் அகலம் நான்கு அடியை லேசாகத் தாண்டும், 65 இன்ச் நாலே முக்கால் அடி. அந்தக் கால டப்பா டிவிக்காகச் சுவரில் கட்டிய ஷோகேஸ் இருக்கிறதே, அதன் நடுக்கட்டம் பெரும்பாலும் மூன்று, மூன்றரை அடிதான். டிவி வந்து இறங்கிய பிறகு ஷோகேஸை இடித்த வீடுகள் உண்டு. மேஜைமேல் வைப்பதாக இருந்தால் இன்னொரு சிக்கல். இப்போதைய டிவிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டாண்டு இருப்பது குறைவு. இரண்டு ஓரங்களிலும் இரண்டு கால்கள். உங்கள் மேஜை அந்தக் கால்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். அந்த அளவு, ஆன்லைனில் பொருளின் படங்களுக்கு நடுவே எங்காவது இருக்கும், தேடிப் பாருங்கள். வாடகை வீடு என்றால் சுவரில் துளை போட ஓனர் சம்மதிக்கிறாரா என்பதையும் முன்னாடியே கேட்டுவிடுங்கள். 'இன்ஸ்டாலேஷன் ஆள் வந்துட்டார், ஓனர் கீழே கத்துறார்' என்ற நிலைமை வேண்டாமே.

உயரத்தில்தான் நாம் எல்லோரும் தப்பு செய்கிறோம். கல்யாண மண்டபத்தில் மாட்டுவதுபோல தலைக்கு மேலே மாட்டிவிட்டு, பிறகு கழுத்து வலி என்போம். சோபாவில் உட்காரும்போது கண் இருக்கும் உயரம் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி. திரையின் நடுப்பகுதி அந்த உயரத்தில் வர வேண்டும். 55 இன்ச்சில் கணக்குப் போட்டால், டிவியின் கீழ் விளிம்பு தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டேகால், இரண்டரை அடியில் இருக்கும். பாயில் உட்கார்ந்து பார்க்கும் வீடாக இருந்தால் இன்னும் கொஞ்சம் கீழே.

உங்க வீட்ல என்ன ஓடும்?

இது முக்கியமான கேள்வி. யாருமே கேட்டுக்கொள்ளாத கேள்வியும்கூட. நீங்கள் இரவில் இரண்டு மணி நேரம் சீரிஸ் பார்ப்பீர்கள். அம்மாவும் பாட்டியும் நாள் முழுக்க கேபிளில் சீரியல் பார்ப்பார்கள். அந்த டிவியின் உண்மையான பயனாளி யார்?

பழைய செட்டாப் பாக்ஸில் வரும் எஸ்.டி சேனலின் ஒரு காட்சியில் சுமார் நான்கு லட்சம் புள்ளிகள்தான் இருக்கின்றன. 4கே திரையில் இருப்பது சுமார் 83 லட்சம். நான்கு லட்சத்தை வைத்துக்கொண்டு 83 லட்சத்தை நிரப்ப வேண்டும் என்றால், ஒவ்வொரு புள்ளியையும் இருபது புள்ளியாக இழுக்க வேண்டும். அதனால்தான் புது டிவி வந்த அன்றே "பழைய டிவில நல்லா இருந்துச்சே" என்ற விமர்சனம் வரும். அவர்கள் சொல்வது பொய் இல்லை. சின்னத் திரையில் மறைந்திருந்த குறை பெரிய திரையில் வெளியே தெரிகிறது.

தீர்வு டிவியில் இல்லை, பாக்ஸில் இருக்கிறது. எச்.டி பாக்ஸுக்கு மாறுங்கள், வீட்டில் தினம் பார்க்கும் நாலைந்து சேனலையாவது எச்.டி-யில் எடுங்கள். இன்னொரு சின்ன விஷயம். எச்.டி பாக்ஸ் வைத்திருந்தும் அதை சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஒயரில் டிவியோடு இணைத்திருக்கும் வீடுகள் ஏராளம். அந்த மஞ்சள் ஒயர் வழியாக எச்.டி போகாது. எச்.டி.எம்.ஐ கேபிள் ஒன்றைப் போட்டால் அதே பாக்ஸ், அதே சேனல், பளிச்சென்று மாறிவிடும். முகங்கள் எல்லாம் அகலமாகத் தெரிந்தால், பழைய சதுரப் படத்தை டிவி இழுத்துக் காட்டுகிறது என்று அர்த்தம். பிக்சர் சைஸ் செட்டிங்கில் சரிசெய்துவிடலாம்.

உங்கள் பக்கத்துக்கு வருவோம். ரீசார்ஜோடு இலவசமாக வரும் ஓ.டி.டி சந்தாக்களில் பலவும் மொபைலுக்கு மட்டும்தான். டிவியில் லாகின் செய்தால் 'உங்கள் பிளானில் இது இல்லை' என்று சொல்லும். நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய் மொபைல் பிளானும் டிவியில் ஓடாது. 199 ரூபாய் பிளானில் டிவியில் பார்க்கலாம், ஆனால் 720பி-தான். 499-ல் முழு எச்.டி. 4கே வேண்டும் என்றால் மாதம் 649 ரூபாய். 4கே-வுக்காகவே பெரிய டிவி வாங்கிவிட்டு, 199 பிளானில் பார்த்தால் அந்த 83 லட்சம் புள்ளியும் சும்மா இருக்கும். நெட்டும் வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் தன் 4கே-வுக்குக் கேட்பது நொடிக்கு 15 மெகாபிட் வேகம். வீட்டில் ஃபைபர் இருந்தால் பிரச்னை இல்லை. போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டலாம் என்று நினைத்திருந்தால், தினசரி டேட்டா ஒரு படத்துக்கே காணாது.

பளபளா பெயர்களுக்குப் பின்னால்...

இப்போது திரைக்கு வருவோம். கடையில் எல்.இ.டி, க்யூ.எல்.இ.டி, மினி எல்.இ.டி, ஓ.எல்.இ.டி என்று வரிசையாகச் சொல்வார்கள். ஏதோ நான்கு வேறு ஜாதி போலத் தோன்றும். உண்மையில் முதல் மூன்றும் ஒரே குடும்பம். எல்லாமே எல்.சி.டி திரைதான். அந்தத் திரைக்குத் தானாக வெளிச்சம் கிடையாது. பின்னாலிருந்து எல்.இ.டி விளக்குகள் வெளிச்சம் அடிக்கும், திரை அதைத் தடுத்தும் விட்டும் படம் காட்டும். க்யூ.எல்.இ.டி-யில் நடுவில் 'குவான்டம் டாட்' என்ற ஒரு படலம் கூடுதலாக இருக்கிறது. அதனால் சிவப்பும் பச்சையும் சுத்தமாக, செழிப்பாகத் தெரியும். ஆனால் கருப்பு கருப்பாகத் தெரிவதற்கும் அந்தப் படலத்துக்கும் சம்பந்தம் இல்லை. மினி எல்.இ.டி என்றால் பின்னால் இருக்கும் விளக்குகள் மிகச் சின்னவை, நிறைய, பகுதி பகுதியாக அணைத்து ஏற்றக்கூடியவை. ஓ.எல்.இ.டி மட்டும்தான் தனி. அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், தானே அணையும். உங்கள் போனில் இருப்பது பெரும்பாலும் அதுதான். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு சாதாரண டிவியின் கருப்பு சாம்பல் நிறமாகத் தெரிவது இதனால்தான். பெரிய ஓ.எல்.இ.டி டிவி நம் பட்ஜெட்டுக்கு எட்டாது, எனவே கனவோடு விட்டுவிடலாம்.

40,000, 50,000 ரூபாய்க்குள் நிற்கிறவர் பார்க்க வேண்டியது இரண்டு. வெளிச்சமும் கான்ட்ராஸ்டும்.

வெளிச்சத்தை 'நிட்ஸ்' என்ற அளவில் சொல்வார்கள். இந்த விலையில் வரும் சாதாரண மாடல்கள் பெரும்பாலும் 250, 300 என்ற அளவில் நிற்கும். இரவிலோ, திரைச்சீலை போட்ட அறையிலோ இது தாராளம். என் அம்மா வீட்டு ஹால்போல வெயில் நேராக விழும் இடத்தில் போதாது. அப்படிப்பட்ட ஹால் உங்களுடையது என்றால், மற்ற எந்த வசதியையும் விட்டுக்கொடுத்து, அதிக வெளிச்சம் தரும் மாடலைத் தேடுங்கள். அல்லது டிவியை மாட்டும் சுவரையே மாற்றுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரைவிட, ஜன்னல் பக்கவாட்டில் இருக்கும் சுவர் எவ்வளவோ மேல். இதற்குச் செலவு பூஜ்யம்.

எச்.டி.ஆர் என்ற முத்திரையும் இங்கேதான் மாட்டுகிறது. வெயிலில் மின்னும் கடல், இருட்டில் எரியும் தீப்பந்தம் போன்றவற்றை நிஜத்தைப்போலக் காட்டுவதுதான் எச்.டி.ஆர். அதற்குப் பளிச்சென்ற வெளிச்சம் வேண்டும். 250 நிட்ஸ் டிவியும் எச்.டி.ஆர் வீடியோவை ஏற்றுக்கொள்ளும், அட்டையில் முத்திரையும் இருக்கும், ஆனால் கண்ணுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. சில படங்கள் இன்னும் இருட்டாகக்கூடத் தெரியும். டால்பி விஷன் இருந்தால் நல்லதுதான், ஆனால் அது இல்லையே என்று ஒரு நல்ல திரையைத் தள்ளிவிடாதீர்கள். சாம்சங் டிவிகளில் அது இல்லை, எச்.டி.ஆர்10 பிளஸ் என்ற வேறொன்று இருக்கிறது.

கான்ட்ராஸ்ட் என்பது மிக வெள்ளைக்கும் மிகக் கருப்புக்கும் இடையே உள்ள வித்தியாசம். இங்கே திரையின் வகை முக்கியம். வி.ஏ, ஐ.பி.எஸ் என்று இரண்டு வகை. வி.ஏ திரையில் இந்த வித்தியாசம் 3,000 மடங்கு, 5,000 மடங்கு என்று போகும். இருட்டுக் காட்சிகள் ஆழமாகத் தெரியும். ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துப்போகும். ஐ.பி.எஸ் நேர் எதிர். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாது, ஆனால் கான்ட்ராஸ்ட் சுமார் 1,000 மடங்குதான். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் கருப்பு சாம்பலாகிவிடும். நேராக உட்கார்ந்து இரவில் படம் பார்க்கும் இரண்டு பேர் வீட்டுக்கு வி.ஏ. ஒருவர் சோபாவில், ஒருவர் திவானில் சாய்ந்து, ஒருவர் சமையலறை வாசலில் நின்று பார்க்கிற நம்ம ஊர் கூட்டுக் குடும்பத்துக்கு ஐ.பி.எஸ். பெரும்பாலான நிறுவனங்கள் இதை அட்டையில் போடுவதில்லை. போடவில்லை என்றாலும் கடையில் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடலாம், எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

4கே பற்றி ஒரு வார்த்தை. 55 இன்ச்சில் ஏழு அடிக்கு அப்பால் உட்கார்ந்தால், முழு எச்.டி-க்கும் 4கே-வுக்கும் உள்ள வித்தியாசத்தை சாதாரணக் கண்ணால் பிரித்துப் பார்ப்பதே கஷ்டம். இந்த சைஸில் இப்போது எல்லாமே 4கே-தான் என்பதால் அதை ஒரு தகுதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஹெர்ட்ஸ் விளையாட்டு

போனில் 120 ஹெர்ட்ஸ் பார்த்துப் பழகியவர்கள் டிவியிலும் அதைத் தேடுவீர்கள். 'மோஷன் ரேட் 120' என்று போட்டிருந்தால் திரை 120 ஹெர்ட்ஸ் என்று அர்த்தம் இல்லை. பல மாடல்களில் திரை 60 ஹெர்ட்ஸ்தான், மீதி விளம்பரக் கணக்கு. விவரப் பட்டியலில் 'ரெஃப்ரெஷ் ரேட்' அல்லது 'பேனல்' என்ற இடத்தில் என்ன எண் என்று பாருங்கள். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், அதற்கு 60 ஹெர்ட்ஸ் போதும். பிளேஸ்டேஷன் 5 வைத்திருக்கிறீர்களா, வாங்கப் போகிறீர்களா? அப்போது மட்டும் நிஜமான 120 ஹெர்ட்ஸ் திரைக்கும் எச்.டி.எம்.ஐ 2.1 போர்ட்டுக்கும் கூடுதல் பணம் கொடுங்கள்.

எம்.இ.எம்.சி என்று ஒரு வசதி சொல்வார்கள். இரண்டு ஃபிரேமுக்கு நடுவே டிவியே இன்னொன்றைக் கற்பனை செய்து நுழைக்கும். கிரிக்கெட்டுக்குப் பரவாயில்லை. சினிமாவில் அதை ஆன் செய்தால், கோடிகளில் எடுத்த படம் மத்தியான சீரியல் மாதிரி வழுக்கும். ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸே 2018-ல் 'டாப் கன்: மேவரிக்' ஷூட்டிங் நடுவே ஒரு வீடியோ போட்டு, தயவுசெய்து அதை அணைத்துவிட்டுப் படம் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

கடைக்குப் போகும்போது பென்டிரைவ்

ஆன்லைனில் வாங்கினாலும் பரவாயில்லை, ஒரு தடவை கடைக்குப் போய் நேரில் பாருங்கள். பக்கத்து ஊரில் இருந்தாலும் சரி. ஆனால் கடையில் ஓடும் வீடியோவை நம்பாதீர்கள். கருப்புப் பின்னணியில் தேன் சொட்டும், கிளி பறக்கும், அப்படி எந்த டிவியிலும் அழகாகத் தெரிகிற மாதிரி எடுத்த காட்சிகள் அவை. டிவியும் 'விவிட்' மோடில், வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து ஓடும்.

ஒரு பென்டிரைவில் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மூன்று காட்சிகளை எடுத்துப் போங்கள். ஒன்று இரவுக் காட்சி. இன்னொன்று மனித முகம் பெரிதாகத் தெரியும் காட்சி. மூன்றாவது வேகமாக ஓடும் விளையாட்டு. "சார், 4கே வீடியோ போட்டாதான் சார் குவாலிட்டி தெரியும்" என்பார் கடைத் தம்பி. சிரித்துக்கொண்டே "பரவாயில்லை, இதையும் ஒரு நிமிஷம் போடுங்க" என்று சொல்லுங்கள். பிக்சர் மோடை 'ஸ்டாண்டர்டு' அல்லது 'சினிமா'வுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

இரவுக் காட்சியில் கருப்புச் சட்டையின் மடிப்பு தெரிகிறதா, இல்லை எல்லாம் ஒரே மையாக இருக்கிறதா? மூலைகளில் வெளிச்சம் கசிகிறதா? முகத்தின் நிறம் மஞ்சள் பூசியதுபோல இருக்கிறதா? அப்படியே பக்கவாட்டில் நாலு அடி நகர்ந்து நில்லுங்கள். நிறம் வெளுத்தால் அது வி.ஏ வகையாக இருக்கும். வெளுக்காமல், ஆனால் கருப்பு மட்டும் சாம்பலாக இருந்தால் ஐ.பி.எஸ். உங்கள் ஹாலில் யார் எங்கே உட்காருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும், முடிவு அங்கேயே எடுத்துவிடலாம்.

ஸ்மார்ட் வசதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2 ஜிபி ரேம், 16 ஜிபி ஸ்டோரேஜ் போதும். கூகுள் டிவி, சாம்சங்கின் டைசன், எல்ஜியின் வெப் ஓ.எஸ், ஃபயர் டிவி எல்லாவற்றிலும் நமக்கு வேண்டிய ஆப்ஸ் இருக்கும். கவனிக்க வேண்டியது கேள்விப்படாத பெயரில் அடிமாட்டு விலைக்கு வரும் 'ஆண்ட்ராய்டு' டிவிகளைத்தான். கூகுளின் முறையான அனுமதி இல்லாமல் போனுக்கான ஆண்ட்ராய்டையே திரையில் ஏற்றி விற்பதும் உண்டு. அதில் நெட்ஃபிளிக்ஸ் போன்ற ஆப்ஸ் ஓடாது, அல்லது குறைந்த தரத்தில் ஓடும். சவுண்டுக்கு வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒல்லியான உடம்பில், கீழ்ப்பக்கம் பார்த்து வைத்த ஸ்பீக்கருக்கு ஒரு எல்லை உண்டு. எச்.டி.எம்.ஐ போர்ட் ஒன்றில் 'ஏ.ஆர்.சி' அல்லது 'இ.ஏ.ஆர்.சி' என்று எழுதியிருந்தால் போதும், காசு சேர்ந்ததும் சவுண்ட்பாரை அதில் மாட்டிக்கொள்ளலாம். போர்ட் மூன்றாவது இருக்கட்டும்.

விலை, இ.எம்.ஐ, சர்வீஸ்

2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜி.எஸ்.டி 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரிக் குறைப்பு முழுதாக வந்து சேர்ந்தால், 50,000 ரூபாய்க்கு விற்ற டிவி சுமார் 46,000. எம்.ஆர்.பி-யை 90,000 என்று போட்டு, அடித்து, '55% தள்ளுபடி' என்று காட்டுவதைப் பார்த்துப் பரவசப்பட வேண்டாம். அந்த எம்.ஆர்.பி-க்கு அதை யாரும் வாங்கியதில்லை. ஆடித் தள்ளுபடி, தீபாவளிக்கு முந்தைய ஆன்லைன் விற்பனை, பொங்கல் என மூன்று சீசன்களில் விலை இறங்கும். இரண்டு மாதம் அந்த மாடலின் விலையைக் குறித்து வந்தீர்கள் என்றால் எது நிஜத் தள்ளுபடி என்று தெரிந்துவிடும்.

'நோ காஸ்ட் இ.எம்.ஐ' எடுக்கிறீர்களா? வட்டித் தொகையை முன்கூட்டியே விலையில் கழித்துவிட்டு, அதையே வங்கி வட்டியாக வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த வட்டி மீது 18 சதவிகித ஜி.எஸ்.டி-யும், பிராசஸிங் கட்டணமும் உங்கள் கணக்கில் வரும். மொத்தப் பணம் கொடுத்தால் கிடைக்கும் கார்டு தள்ளுபடி இ.எம்.ஐ-யில் குறையலாம். இரண்டையும் கடைசித் தொகை வரை கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

ஒரே சைஸில் சோனி, சாம்சங், எல்ஜி கொஞ்சம் கூடுதல் விலையிலும் டி.சி.எல், ஹைசென்ஸ், வியூ, ஷாவ்மி போன்றவை குறைந்த விலையிலும் இருக்கும். எது சிறந்தது என்பதைவிட, உங்கள் ஊருக்கு யாருடைய மெக்கானிக் வருவார் என்பது பெரிய கேள்வி. கஸ்டமர் கேருக்கு போன் போட்டு, டிவி நிற்கப்போகும் வீட்டின் பின்கோடைச் சொல்லி, 'இங்கே வீட்டுக்கு வந்து சர்வீஸ் உண்டா, எத்தனை நாளாகும்?' என்று கேளுங்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கு ஆர்டர் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பேனலுக்குத் தனியாக எத்தனை வருட வாரன்டி என்பதையும் பாருங்கள். திரை போனால் மாற்றும் செலவு டிவி விலையில் பாதிக்கு மேல் வரும். குழந்தை பந்து எறிந்து உடைந்தால் எந்த வாரன்டியும் வராது.

கரன்ட் பில் பயம் பெரிதாக வேண்டாம். 55 இன்ச் டிவி 120 வாட் எடுக்கிறது என்று வைத்தால், தினம் ஐந்து மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 36 யூனிட். ஏ.சி-யோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

டிவி வந்து இறங்குற அன்னைக்கு

பெட்டியைப் பிரிப்பதை போனில் வீடியோ எடுங்கள். பெட்டியைப் படுக்கப் போட்டுத் தூக்கக் கூடாது, நிமிர்த்தித்தான் இரண்டு பேர் தூக்க வேண்டும். ஆன் செய்ததும் யூடியூபில் 'டெட் பிக்சல் டெஸ்ட்' வீடியோ ஒன்றைப் போட்டு, கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்திலும் திரையில் புள்ளியோ கோடோ இருக்கிறதா பாருங்கள். அன்று இரவே விளக்கை அணைத்துவிட்டு இன்னொரு முறை. ரிட்டர்ன் நாள்கள் முடியும் வரை பெட்டியையும் தெர்மாகோலையும் பரண்மேல் போட்டு வையுங்கள். ஐப்பசி மழையில் இடி இடித்தால் பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, கேபிள் ஒயரையும் பாக்ஸிலிருந்து கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

முதலில் ஸ்டோர் மோடா, ஹோம் மோடா என்று கேட்கும். ஹோம் கொடுங்கள். பிக்சர் மோடை 'சினிமா' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்று வையுங்கள். முதல் நாள் மஞ்சளாக, மந்தமாகத் தெரியும். இரண்டு நாள் பொறுத்துக்கொண்டால் பிறகு 'விவிட்' பார்த்தாலே கண் கூசும். பகலில் பார்ப்பதற்கு மட்டும் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஊருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறீர்கள் என்றால், கிளம்புவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பல டிவிகளில் ஆன் செய்ததும் ஆப்ஸ் நிறைந்த ஹோம் பக்கம் வராமல், நேராக செட்டாப் பாக்ஸ் இருக்கும் எச்.டி.எம்.ஐ வருமாறு செட்டிங்கில் மாற்றலாம். 'பவர் ஆன்' அல்லது 'லாஸ்ட் இன்புட்' என்ற பெயரில் இருக்கும். நான் அதைச் செய்யாமல் வந்து, முதல் பத்து நாள் ராத்திரி ஏழு மணிக்கெல்லாம் அம்மாவிடமிருந்து வீடியோ கால் வந்துகொண்டிருந்தது. "ஏதோ படமா படமா வந்து நிக்குதுடா, சீரியல் ஆரம்பிச்சுடும்." அடுத்த முறை ஊருக்குப் போனபோது அதை மாற்றி, அம்மாவையே நாலு தடவை ஆன் செய்து ஆஃப் செய்யச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.